இன்டர்நெஷனல் போர்டுக்குப் பின்னால் நமது பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். அடுத்த வருட அனுமதி பற்றிய பேச்சு பல வீடுகளில் இப்போதே தொடங்கியிருக்கும். படிவம் வாங்கி, டொனேஷன் காசு கட்டுவதற்கு முன்னர் வாசித்தால் இன்னும் நல்லது.

கொஞ்ச காலத்துக்கு முன்னர் தரம் 6க்கு ஒரு மகன் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தான். எல்.கே.ஜியிலிருந்து இன்டர்நெஷனலில் படித்தவன். 2022 நெருக்கடியில் வாப்பாவின் கடை படுத்துவிட்டது. கடன்பட்டுக் கொஞ்ச காலம் கட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. கட்டண நிலுவையைச் சொல்லி விடுகைப் பத்திரத்தைக் கூட இழுத்தடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்ப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தோம். எழுத்துத் தெரியும், சேர்த்து வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, இங்கிலிஷ் இருக்கும் என்று ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தோம். மளமளவென்று வாசித்தான். உச்சரிப்பும் அழகு. அந்தப் பந்தியில் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டோம். பேச்சில்லை. "தமிழிலயாவது சொல்லுங்க மகன்" என்றோம். அதுவும் இல்லை.

பிறகுதான் மெதுமெதுவாகச் சொன்னான். அங்கே தமிழில் பேசினால் 20 ரூபா ஃபைன். வீட்டிலும் இங்கிலிஷ்தான் பேச வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லியிருக்கிறார்கள். "உம்மாக்கு இங்கிலிஷ் தெரியாது சேர். அதனால வீட்டில நான் பெரிசா பேசுறல்ல."

11 வயதுப் பிள்ளை. உம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்ட பிள்ளை. அதற்காக அந்த வீட்டார் மாதாமாதம் காசு கட்டியிருக்கிறார்கள்.

அவன் ஒருவன் என்றால் இதை எழுதியிருக்க மாட்டோம். இப்படித் திரும்பி வருகிற பிள்ளைகளை அரச பாடசாலை ஆசிரியர்களாகிய நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பாடசாலையின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. கமெண்டில் நீங்களும் போட வேண்டாம். நல்ல முறையில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கேள்விகள் சுடாது. நாங்கள் ஆங்கிலத்துக்கு எதிரிகளும் இல்லை. ஆங்கிலக் கல்வி என்றாலே நமது சமூகம் பயந்து ஒதுங்கிய காலத்தில் அதற்காகப் போராடியவர் அறிஞர் சித்தி லெப்பை. 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸதுஸ் ஸாஹிராதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. அந்த மனிதர்தான் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் நடத்தினார், 'அசன்பே சரித்திரம்' நாவலைத் தமிழில் எழுதினார். ஆங்கிலம் படிப்பதற்குத் தமிழை விட வேண்டும் என்று அவர் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் 1960களின் ஆரம்பத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் இத்தனை இன்டர்நெஷனல் எப்படி வந்தது? கம்பனியாகப் பதிந்து வந்தது. இன்றைக்கும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்தான் பதிகிறார்கள். ஹாட்வெயார் கடையைக் கம்பனியாகப் பதிவதும் அதே சட்டத்தில்தான்.

இதன் அர்த்தம் என்ன? எங்கள் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வருவார்கள். ஆசிரிய ஆலோசகர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பார். பாடக்குறிப்பு கேட்பார், பதிவேடு கேட்பார். பிடிக்காது, ஆனால் வருவார்கள். அடித்தால் முறையிட இடம் இருக்கிறது. உடல் தண்டனை கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு கதவாவது இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். கம்பனியில் யாரிடம் போய்க் கேட்பது? உரிமையாளரைப் பற்றி உரிமையாளரிடமே கேட்க வேண்டியதுதான்.

(ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் எல்லாப் பிள்ளைக்கும் உரியது. எந்தப் பாடசாலை என்று பார்த்து அது வேலை செய்வதில்லை.)

அடுத்து, படிப்பிக்கிறவர்கள். கல்வியியற் கல்லூரியில் 2 வருடம் தங்கிப் படித்து, 1 வருடம் கட்டுறு பயிற்சி முடித்துத்தான் நாங்கள் வகுப்புக்கு வந்தோம். அந்த மூன்று வருடத்தில் கற்றதில் முக்கால்வாசி பாடம் சம்பந்தப்பட்டதே அல்ல. பிள்ளை ஏன் வாசிக்கத் தடுமாறுகிறது, ஏன் திடீரென்று பேசாமல் போகிறது, ஒரே வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்பவைதான். இதை முடித்து வந்த எங்களுக்கே தடுமாற்றம்.

அங்கே பல இடங்களில் ஆரம்ப வகுப்புகளை யார் எடுக்கிறார்கள்? ஏ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் நமது தங்கச்சிமார். அவர்களைக் குறை சொல்லவில்லை. சொற்பச் சம்பளம். சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்கவும் பயம். கெம்பஸ் கிடைத்தால் நடுத்தவணையில் போய்விடுவார்கள், அடுத்தவர் வருவார். ஒரு வருடத்தில் மூன்று மிஸ்மாரைக் கண்ட யூ.கே.ஜி பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். அந்த வயதில் பிள்ளை முதலில் ஆளை நம்ப வேண்டும், பிறகுதான் படிக்கும். நம்பிய ஆள் மூன்று தடவை மாறினால் அது என்ன செய்யும்?

மொழிக்கு வருவோம். ஒரு பிள்ளை வாசிக்கக் கற்பது என்றால், ஏற்கனவே காதால் கேட்டு அறிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பது. 'மாடு' என்று எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு மனதில் மாடு வர வேண்டும். வாழ்க்கையில் கேட்டேயிராத சொற்களை எழுத்துக் கூட்டச் சொன்னால் சத்தம் வரும், பொருள் வராது. அந்த மகனிடம் நாங்கள் கண்டது அதுதான். ஒரு மொழியில் விளங்கி வாசிக்கப் பழகிய பிள்ளை இரண்டாவது மொழியைப் பிடித்துவிடும். எதிலுமே விளங்கி வாசிக்காத பிள்ளைக்குத் தரம் 6இல் விஞ்ஞானமும் வரலாறும் சுவர் மாதிரி நிற்கும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது ஆரம்பக் கல்வி தாய்மொழியில் என்று கன்னங்கரா அவர்கள் வைத்ததன் பெறுமதி இதுதான்.

பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலை 6.15க்கு வேன். ஊரெல்லாம் சுற்றி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர 7.15. இரண்டு மணி தாண்டி விட்டால், திரும்பவும் ஊரெல்லாம் சுற்றி வீடு வர மூன்று. சோறு தின்ற கையோடு டியூஷன். இவ்வளவு காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அதே பாடத்துக்கு ஏன் டியூஷன் என்று யாரும் கேட்பதில்லை. அஸருக்குப் பின் குர்ஆன் மத்ரஸா. மஃரிபுக்குப் பின் ஹோம்வேர்க். உம்மாவுக்கு அது விளங்காது, வாப்பா கடையில். பத்து மணிக்குக் கண் சொருகும்போது ஏச்சு. காலையில் வயிற்று வலி என்று அழும். டொக்டரிடம் காட்டினால் ஒன்றுமில்லை என்பார். வயிற்றில் ஒன்றுமில்லைதான்.

விளையாட்டு? வாடகை வீட்டின் மேல்மாடியில் நடக்கும் பாடசாலையில் மைதானத்துக்கு எங்கே போவது? வருடத்துக்கு ஒரு தடவை மைதானம் வாடகைக்கு எடுத்து, டீஷேர்ட் அடித்து, விளையாட்டுப் போட்டி நடத்தி, ட்ரோனில் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடுகிறார்கள். மிச்ச நாளெல்லாம் பிள்ளை கதிரையில்.

"அப்ப அரச பாடசாலை மட்டும் திறமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இல்லை. எங்களில் லீவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் அரைகுறையாகப் படிப்பித்துவிட்டு மிச்சத்தை டியூஷனில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடசாலை நேரத்தில் போனோடு இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். தமது சொந்தப் பிள்ளையை இன்டர்நெஷனலில் சேர்த்த ஆசிரியர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபம் வந்தாலும், நாங்கள் செய்த பிழையின் கணக்கும் அதில் இருக்கிறது. மக்கள் எங்களை விட்டுப் போனதற்கு நாங்களும் காரணம். ஆனால் ஒரு கடையில் சாமான் சரியில்லை என்பதற்காக அடுத்த கடையில் பார்க்காமல் வாங்குவோமா?

"மார்க்கச் சூழல் இருக்கிறது, அதனால் சேர்த்தோம்" என்கிறார்கள் பலர். அந்த எண்ணத்தை மதிக்கிறோம். 2019க்குப் பிறகு நமது பெண் பிள்ளைகளின் உடையை வைத்து நடந்ததெல்லாம் மறக்கவில்லை. ஆனால் மார்க்கச் சூழல் என்பது போர்டில் அரபுப் பெயர் எழுதுவதும் காலையில் துஆ ஓதுவதும் மட்டுமா? பிள்ளை அமானிதம். ஆசிரியைக்குச் சம்பளம் வியர்வை காயுமுன் கொடுப்பதும் மார்க்கம். கட்டணம் பிந்திய பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தாமல் விடுவதும் மார்க்கம். அதையும் போர்டில் எழுத முடியுமா?

"எங்கட காசு, எங்கட பிள்ளை" என்பார்கள் சிலர். சரி. ஆனால் காசு முடிந்த அன்று அந்தப் பிள்ளை ஊரின் பிள்ளையாகத்தான் திரும்பி வருகிறது. நமது அரச பல்கலைக்கழகங்களின் பிரதான வாசலும் உள்ளூர் ஏ.எல் பரீட்சையின் இஸட் புள்ளிதான். லண்டன் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் வீட்டார், அதற்குப் பிறகு தனியார் கெம்பஸுக்கோ வெளிநாட்டுக்கோ கட்ட வசதி இருக்கிறதா என்பதை எல்.கே.ஜியில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும். ஓ.எல் முடிந்த பிறகு யோசித்தால் பிந்திவிடும்.

ஆகவே சேர்க்கப் போகிறவர்கள் தாராளமாகச் சேருங்கள். சேர்க்கும் முன் இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள்.

1. எனது பிள்ளையின் வகுப்பாசிரியை என்ன பயிற்சி பெற்றவர்? சென்ற வருடம் இந்த வகுப்பில் எத்தனை பேர் மாறினார்கள்?

2. தமிழ் ஒழுங்கான பாடமாக நடக்கிறதா? வாரத்துக்கு எத்தனை பாடவேளை? தமிழில் பேசினால் தண்டனை உண்டா?

3. எந்தப் பாடத்திட்டம், எந்தப் பரீட்சை? இடையில் அரச பாடசாலைக்கு மாற நேர்ந்தால் பிள்ளை எந்த நிலையில் இருக்கும்?

4. பிள்ளைக்கு அடித்தால், அவமானப்படுத்தினால் யாரிடம் முறையிடுவது? பெற்றோர் குழு இருக்கிறதா, அதன் பேச்சு எடுபடுகிறதா?

5. பிள்ளை ஓடி விளையாட ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம், எந்த இடத்தில்?

முகம் சுழிக்காமல் பதில் சொன்னால் நம்புங்கள். "அட்மிஷன் இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வாருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்கும் பரிசளிப்புக்கும் போய் முன்வரிசையில் அமர்கிறீர்கள். அந்த உரிமையோடு, ஊரில் உள்ள எல்லா இன்டர்நெஷனல் உரிமையாளர்களையும் ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். தமிழுக்கு ஃபைன் இல்லை, நிலுவைக்காக விடுகைப் பத்திரத்தைப் பிடித்து வைப்பதில்லை, பிள்ளைக்குக் கை நீட்டுவதில்லை. இந்த மூன்றுக்காவது எழுத்தில் உடன்பாடு எடுங்கள். சட்டம் வரும்வரை ஊர் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் பங்குக்கு ஒன்று. அந்த மகனுக்காக இடைவேளையில் தொடங்கிய வாசிப்பில் இப்போது ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையிலும் பாடசாலையில் இருப்போம். காசு இல்லை. எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம், இன்டர்நெஷனல் பிள்ளையும் வரலாம். கதைப் புத்தகம் இருந்தால் கொண்டு வந்து தாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒரு மணித்தியாலம் வந்து கூட அமருங்கள்.

போன கிழமை அந்த மகனின் உம்மா வந்தார். மார்க்ஸ் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சேர், இப்ப வீட்டுக்கு வந்தா ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்றான்" என்றார்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் விடயத்தில் நம் எல்லோருக்கும் நல்ல புரிதலைத் தருவானாக. பெற்றோர்களுக்குப் போய்ச் சேரும்படி பகிர்ந்துவிடுங்கள்.