பழைய அரிசிக்கு விலை அதிகம். பழகிய வண்டிக்கு மட்டும் ஏன் இளக்காரம்?

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் அரிசிக்கடை ஏறி விலை கேட்பவரிடம் கடைக்காரர் திருப்பிக் கேட்பது, ‘பழசா, புதுசா?’ என்பதே. பழைய அரிசிக்கு விலை கூடுதல். அது குழையாது, உதிரியாக வேகும், கண்ட அளவுக்குச் சோறு காணும். காலம் ஒரு பொருளின் மதிப்பைக் குறைக்கவும் கூடும், கூட்டவும் கூடும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த தெரு அது. ஆனால் அதே தெருவின் குடும்பம் ஒன்று தன் முதல் காரை வாங்கப் புறப்படும்போது, இந்த அறிவு முழுவதும் கடைவாசலிலேயே கழற்றி வைக்கப்பட்டுவிடுகிறது. ‘முதல் வண்டி, புதுசாத்தான் எடுக்கணும்’ என்று வீட்டில் யாரேனும் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு அங்கே கணக்கு பேசப்படுவதில்லை.

அந்த வாக்கியம் தவறானது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஏழாண்டு உழைப்பின் மீது அது பற்று எழுதுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய, ஆவணம் தெளிவாக உள்ள வண்டியே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற முதல் கார். இதை வெளிப்படையாகச் சொல்லக் கூசும் நிலை ஏன் வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

சாலையை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான அங்காடி அது. கிழக்கேக்கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் அத்தெருவில் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கேயே கடை நடத்திக்கொண்டு அத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். சரக்கு இறங்கும் காலை வேளையில் அங்கே கார் நுழைவது எளிதன்று. தம்பானூர் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. ஆகவே அங்குள்ள குடும்பத்தின் கார் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி. நாகர்கோவிலில் ஒரு திருமணம், சுசீந்திரத்தில் ஒரு தேரோட்டம், திருநெல்வேலியில் ஒரு சடங்கு என்று ஓடிவிட்டு, மற்ற ஆறு நாளும் உறங்கும்.

உறங்கும் வண்டிக்கும் வயது ஏறுகிறது. வாகனக் காப்பீட்டில் வழக்கமாகப் பின்பற்றப்படும் தேய்மான அட்டவணையைப் பார்த்தால் இது விளங்கும். முதல் ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று மதிப்பு குறைக்கப்படுகிறது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. நாள்காட்டியை மட்டுமே பார்க்கிறது. நாள்தோறும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுபவர், புதிய காருக்குக் கொடுத்த பணத்தை ஓட்டிக் கழிக்கிறார். ஞாயிறு மட்டும் ஓட்டுபவர் அதே பணத்தை நிறுத்தி வைத்துக் கழிக்கிறார்.

கடன் கணக்குக்கு வரலாம். ஒரு சிறிய காரின் எக்ஸ் ஷோரூம் விலை 7 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். உலகில் எவரும் அந்த விலைக்கு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மாநிலத்தின் ஒருமுறை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் கேரளத்தில் அது 8 லட்சத்தைத் தாண்டும். கையில் 2 லட்சம் உள்ள குடும்பம் 6 லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,650 ரூபாய். மொத்த வட்டி 2 லட்சத்து 11 ஆயிரம். அதே மாதிரியில் இரண்டரை ஆண்டு ஆன வண்டியைப் பெயர் மாற்றச் செலவு உட்பட 5 லட்சத்துக்கு வாங்கினால், கடன் 3 லட்சம். பழகிய வண்டிக்கு வட்டி அதிகம் என்பது உண்மை; 12 விழுக்காடு என்றே வைத்துக்கொள்ளலாம். நான்காண்டுக் கடனுக்கு மாதத் தவணை 7,900. மொத்த வட்டி 79 ஆயிரம். ‘செகண்ட் ஹேண்டுக்கு வட்டி கூடுதல்’ என்று அச்சுறுத்துவோர் விழுக்காட்டைச் சொல்கிறார்கள், தொகையைச் சொல்வதில்லை. நான்காண்டு முடிவில் இரண்டாம் குடும்பம் கடனற்றது. முதல் குடும்பத்துக்கு இன்னும் 36 தவணைகள், அதாவது சுமார் மூன்றரை லட்சம் ரூபாய், பாக்கி. சாலையில் பேரேடு எழுதும் எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பிறகு ஏன் தயக்கம்? ஒரு பகுதி மொழியில் இருக்கிறது. ‘புது’, ‘பழைய’ என்ற இரண்டு அடைகளுக்கு இடையே வழக்குத்தமிழ் காருக்கென ஒரு நடுச்சொல்லை உருவாக்கவில்லை. இருபது நாள் ஓடியதும் பழைய வண்டி, இருபது ஆண்டு ஓடியதும் பழைய வண்டி. ஆனால் ‘பழகிய’ என்ற சொல் கையருகிலேயே இருக்கிறது. செருப்பு பழகும், மாடு பழகும், மண்பானை பழகும். புதிய எஞ்சினையும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்றே கையேடுகள் கூறிவந்துள்ளன. பழக்கிய பின் விலை குறையும் பொருளை, பழகாத நிலையில் கூடுதல் விலைக்கு வாங்குவதைத்தான் ‘ராசி’ என்று அழைக்கிறார்கள்.

இந்த இளக்காரம் தொன்றுதொட்டு வந்ததும் அன்று. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளரின் கைக்கு வருவதற்கு முன்னும், அதன்பின் சில ஆண்டுகளும், இந்நாட்டில் புதிய வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. உடனே கிடைக்கிறது என்பதற்காகவே கைமாறிய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் உண்டு. அப்போது எவரும் அதை இழுக்கு என்று எண்ணவில்லை. புதிய கார் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே பழைய காருக்கு அவமானம் ஒட்டிக்கொண்டது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவுள்ளவையும் உண்டு. முதலாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் நீரில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வேற்றூரில் விற்பனைக்கு வரலாம். கிழக்கேக்கோட்டையும் தம்பானூரும் ஒரு மழைக்கே தேங்கும் இடங்கள். அதற்காகவே 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ நடந்தது. ஆகவே இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கோடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துரு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓடோமீட்டரை நம்பாமல் பணிமனைப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். வெற்றிலையைக் கூடத் திருப்பிப் பார்த்து வாங்கும் தெருவுக்கு இது புதிய பாடமன்று.

இரண்டாவது, பாதுகாப்பு. பத்தாண்டுப் பழைய வண்டிக்கு எதிராக இந்த வாதம் முற்றிலும் சரி. ஆனால் 2022 தொடக்கத்திலிருந்து தயாரான கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானவை 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் உதிரிகளோடு வருகின்றன. ஆகவே 2023 ஏப்ரல் என்பதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாயினும் இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும் வண்டியன்று.

மூன்றாவது, ஆவணம். சாலைத் தமிழருக்கே உரிய சிக்கல் இதில்தான் உள்ளது. ‘நாகர்கோவில்ல மாமா வண்டி இருக்கு, ரெண்டு வருசந்தான் ஆச்சு’ என்று பேச்சு தொடங்கும். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டவை. இன்று களியக்காவிளையில் மாநில எல்லை. டிஎன் 74 எண் கொண்ட மாமாவின் வண்டி கேஎல் 01 ஆக வேண்டுமானால் தடையில்லாச் சான்று வேண்டும், கேரளத்தின் வரி கட்ட வேண்டும், மறுபதிவு செய்ய வேண்டும். மாமா குறைத்துக் கொடுத்த விலை இந்த வரியில் கரைந்துவிடலாம். ‘நம்ம மாமாதானே, பேரு மாத்துறது அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது அதைவிடக் கேடு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது: வண்டி கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளர். மருமகன் ஏற்படுத்தும் விபத்துக்கு மாமா நீதிமன்றம் ஏறுவார். மோட்டார் வாகனச் சட்டம் வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம் தருகிறது. காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாள். உறவைக் காக்க விரும்புவோர் முதலில் படிவத்தைக் காக்க வேண்டும்.

நான்காவது, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. கூடவே இருந்த மேல்வரியும் நீங்கியது. புதியது மலிந்ததால் இனிப் பழையது எதற்கு என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. விற்பவர் தாம் கொடுத்த பழைய விலையிலிருந்து கழித்துக் கேட்பார். அது அவருடைய வரலாறு. வாங்குபவர் இன்றைய புதிய விலையிலிருந்தே கழிக்க வேண்டும். இரண்டாண்டு வண்டிக்குப் புதியதைவிடப் பத்து விழுக்காடே குறைவு என்றால், தயங்காமல் புதியதை வாங்கலாம். கால் பங்காவது குறையவில்லையெனில் பழகிய வண்டி என்ற பேச்சே வேண்டாம். கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு கணக்கினுடையதாக இருக்க வேண்டும். எதிர்க்கப்பட வேண்டியது, கணக்கைத் தொடங்கவே விடாத அந்த மானப் பேச்சு.

அந்த மானத்தின் விலை பணத்தோடு நிற்பதில்லை. 2021இல் கொல்லம் மாவட்டத்தில் ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி கணவன் வீட்டில் இறந்தார். வரதட்சணையாக வந்த புதிய கார் கணவனின் தகுதிக்குப் போதவில்லை என்பது அவர் அனுபவித்த துன்பத்தின் ஒரு காரணமாக வழக்கில் பேசப்பட்டது. 2022 மே மாதம் விசாரணை நீதிமன்றம் கணவனைக் குற்றவாளி எனக் கண்டு பத்தாண்டுச் சிறை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. புதிய கார் வாங்குவோர் எல்லாரும் அந்த வரிசையில் நிற்பவர்கள் அல்லர். ஆனால் ஒரு வாகனத்தின் புதுமையையும் மாதிரியையும் கொண்டு மனிதரின் தகுதியை அளக்கும் பழக்கம் எந்த எல்லை வரை செல்லும் என்பதற்கு, தம்பானூரிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடையக்கூடிய மாவட்டத்தில் சான்று கிடக்கிறது. ‘பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்’, ‘அடுத்த கடைக்காரர் என்ன சொல்வார்’ என்று ஷோரூமுக்குள் நுழையும் ஒவ்வொரு குடும்பமும் அந்த அளவுகோலுக்கு இன்னொரு முழம் சேர்க்கிறது.

பூ மாலை, எலுமிச்சம்பழம், சாவியை நீட்டியபடி ஒரு புகைப்படம். ஷோரூமின் இந்தச் சடங்குக்கு அரை மணி நேரம் ஆகும். தவணை 84 மாதம் ஓடும். எலுமிச்சம்பழம் பழகிய வண்டியின் சக்கரத்தடியிலும் நசுங்கும். வேண்டுமானால் ஆற்றுகால் கோவில் வாசலில் நிறுத்தி அதற்கும் ஒரு மாலை சூட்டலாம். பூக்கடை சாலையிலேயே இருக்கிறது.