முயல் தேர்ந்த மூலை

வெள்ளை முயற்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் குழந்தைகளின் குதூகலத்துக்கு அளவே இராது. ஒரு வாரம் கழிந்ததும் போய்ப் பாருங்கள்: முயலைக் கொஞ்சுவது குழந்தைகள்; அதன் அசுத்தத்தை வாருவது வேலைக்கார அம்மாள்! இந்தப் பங்கீடு நமக்குச் சிறிதும் உவப்பாயில்லை.

முயல் இயல்பிலேயே ஒழுங்குள்ள பிராணி. சிறுநீர் கழிப்பதற்கென ஒரு மூலையைத் தானே தேர்ந்துகொள்ளும். அந்த மூலையிலேயே தட்டை வைக்கவேண்டுமேயன்றி, நமக்குப் பிடித்த மூலைக்கு அதை மிரட்டி ஓட்டுவதிற் பயனில்லை. முயல் தாராளமாய்த் திரும்பி உட்காரக்கூடிய, முன்புறம் தாழ்ந்த பிளாஸ்டிக் தட்டு போதுமானது. அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை நாலைந்து மடிப்பாய் விரித்து, மேலே உலர்ந்த புல்லைப் பரப்பவேண்டும். புல்லைத் தின்றுகொண்டே கழிப்பது முயலின் வழக்கம். ஈரம் பட்டதும் கட்டியாகும் களிமண் வகைகளை மட்டும் இடலாகாது. முயல் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். தட்டுக்கு வெளியே நனைத்துவிட்டால், தாளினால் ஒற்றியெடுத்து அத்தாளைத் தட்டிலேயே போட்டு வைக்கலாம். மறுமுறை அந்த வாசனையே வழிகாட்டும்.

நனைந்த தாளையும் புல்லையும் தினந்தோறும் மாற்றுவது அவசியம். தாமதித்தால் எழும் அமோனியா நெடி முயலின் கண்ணையும் மூச்சுக் குழலையும் கெடுக்கும். முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆதலால் தட்டில் வெண்மையாகப் படிந்துவிடும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் அது கரைந்துபோகும். பிறகு நன்றாய் அலசி வெயிலில் உலர்த்தவேண்டும். புழுக்கைகள் பூச்செடிக்கு நல்ல எரு.

இவ்வளவையும் குழந்தைகளே செய்யவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முயல் தன் நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும் பிராணி. புழுக்கை சிறுத்துப்போவதையும் குறைந்துபோவதையும் முதலில் காண்பவர் தட்டைச் சுத்தம் செய்பவரே. அரை நாள் புழுக்கையே இல்லாமல், தீனியையும் மறுத்தால், அது உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். கொஞ்ச மட்டும் வரும் குழந்தைக்கு இது எப்படித் தெரியும்?

1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸில் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்துக் கக்கூஸைச் சுத்தம் செய்தார். நம் குழந்தைகளுக்கு முயல் தட்டொன்று பெரும் பாரமாகிவிடாது. வேலை முடிந்ததும் சோப்பினால் கை கழுவிக்கொள்ளட்டும். பிறகு ஆசைதீரக் கொஞ்சட்டும்.