முதல்ல எந்த ட்ரிக்கர்?

குமணன்சாவடியில் ஒரு வங்கி வாசல். காவலுக்கு ஒரு பெரியவர், எக்ஸ் மிலிட்டரி. கையில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. "முதல்ல எந்த ட்ரிக்கர் சார்?" என்று கேட்டேன். சிரித்தார். "பட்டாளத்துல ஒரே ட்ரிக்கர்தான் தம்பி. இதுல நான் சுட்டே பார்த்ததில்லை!"

இது பறவை வேட்டைக்குப் பிறந்த துப்பாக்கி. வழக்கமாக முன் ட்ரிக்கருக்கு வலது குழல். அதில் ரவை சீக்கிரம் பரவும். பக்கத்தில் எழும்பும் கௌதாரிக்கு. பின் ட்ரிக்கருக்கு இடது குழல். அதன் வாய் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அதுதான் 'சோக்'. தப்பித்துத் தூரம் போன பறவைக்கு.

முழு சோக்கிலேயே 40 கஜத்தில் சுமார் 70 சதவிகித ரவைதான் 30 அங்குல வட்டத்துக்குள் விழும். மிச்சம்? இங்கே 40 கஜத்தில் கௌதாரி இல்லை சார், டிரங்க் ரோடு! பஸ்ஸுக்கு நிற்கும் ஜனம்.

1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. வேட்டைத் துப்பாக்கியோ வங்கி வாசலில் டியூட்டி பார்க்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது பெரியவரைச் சுடப் பழக்குங்கள். முடியாதா? துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அலாரம் பட்டனைக் கொடுங்கள். 'சும்மா பயமுறுத்தத்தான்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருடன் பயப்படுகிறானோ இல்லையோ, எனக்குப் பயமாக இருக்கிறது.