லெண்டா, பாரோவா? காரைக்குடியிலுமா இந்தக் குழப்பம்!

கடையில் கிடைக்கும் எந்த ஆங்கில இலக்கண கைடை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் "அடிக்கடி குழப்பும் சொற்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். லெண்ட் என்றால் கடன் கொடு, பாரோ என்றால் கடன் வாங்கு. ஹவுஸ் என்றால் வீடு, ஹோம் என்றாலும் வீடு (!). பையன் மனப்பாடம் செய்கிறான், பரீட்சையில் மார்க்கும் வாங்குகிறான். மறுநாள் பக்கத்து பெஞ்சில் போய் "கேன் யூ பாரோ மீ எ பென்" என்கிறான். தப்பு அவன் மேலா? இல்லவே இல்லை, அந்தப் பட்டியல் மேல்.

இந்தக் கூத்து காரைக்குடியிலும் நடப்பதுதான் கொடுமை. கொடுக்கல் வாங்கலிலேயே ஊறிய ஊர் இது. இங்கே யாரும் பேனாவைக் கடன் கேட்பதில்லை, இரவல்தான் கேட்பார்கள். அதே பேனா திரும்பி வர வேண்டும். பணம் கடன். கொடுத்த நோட்டே திரும்பி வராது, அதன் மதிப்புதான் வரும். நாலு நாளில் வட்டியில்லாமல் திருப்பினால் அது கைமாத்து. ஆக, தமிழ் பொருளையும் தவணையையும் பார்த்துப் பிரிக்கிறது. ஆங்கிலமோ திசையைப் பார்க்கிறது. கையை விட்டுப் போனால் லெண்ட், கைக்கு வந்தால் பாரோ. பேனாவானாலும் பணமானாலும் அதே கணக்குதான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? எந்த கைடும் சொல்வதில்லை.

குழப்பம் பேனாவோடு நின்றால் பரவாயில்லை. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார்களை ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் மனிலெண்டர் என்றே எழுதின. மனிலெண்டர் பணத்தைக் கடனாகக் கொடுப்பவர், அவ்வளவுதான். பேங்கர் என்றால் பிறர் பணத்தை டெபாசிட்டாக வாங்கி, அதைக் கடனாகக் கொடுப்பவர். செட்டியார் பெட்டிகளில் டெபாசிட் இருந்தது, உண்டியல் இருந்தது, இம்பீரியல் பேங்கில் வாங்கிய கடனும் இருந்தது. அதாவது ஒரே ஆள் காலையில் பாரோ, மாலையில் லெண்ட்! 1937-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது சும்மாவா?

நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு எந்தச் சொல்லாய் இருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் சுமார் 25 சதவீதமானது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, அடமான நிலம் கைமாறியது. ஆனால் மனிலெண்டர் என்று மட்டும் எழுதினால் ஒரு பேராசைக்காரன் தெரிகிறானே தவிர, அவனுக்குப் பின்னால் வட்டியை எதிர்பார்த்து நின்ற டெபாசிட்காரர்களும் பேங்குகளும் மறைந்துவிடுகிறார்கள். விவசாயிக்கு இதனால் என்ன லாபம்?

உள்ளூரிலும் இதே கதைதான். கானாடுகாத்தானில் 1912-இல் கட்டி முடித்த வீட்டுக்கு பேலஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. அண்ணாமலைச் செட்டியாருக்கு ராஜா பட்டம் வந்ததே 1929-இல்தான். சரி, அதையாவது விடலாம். பட்டமே இல்லாத வீட்டுக்கெல்லாம் டூரிஸ்டுக்காக பேலஸ் போர்டு மாட்டுகிறார்களே, மேன்ஷன் என்ற சொல் எங்கே போயிற்று?

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தூக்குவாளியும் ஆன்டிக், மரச்சிற்பமும் ஆன்டிக். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவது ஆன்டிக்விட்டியைப் பற்றி. நூறு வருடம் தாண்டிய சிற்பமும் கலைப்பொருளும் அதில் அடங்கும். விற்க லைசென்ஸ் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தூக்குவாளிக்கு அந்தக் கவலையில்லை. சிற்பத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் நிற்பவரிடம் எந்த கைடின் பட்டியலைக் காட்டச் சொல்வது?