உழைப்புத் தானமும் நன்றிப் பரிசும்

ஏரிக்கரை பலவீனப்பட்டால் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு சென்று அதனைப் பலப்படுத்தி வருவது நம் நாட்டின் பழைய வழக்கம். குடிமராமத்து என்பது அதன் பெயர். அங்கே கூலி பேசுவாரில்லை. வெயில் ஏறிய வேளையில் யாரேனும் ஒரு வீட்டிலிருந்து ஒரு குடம் மோர் வரும். அந்த மோரை எவரும் கூலியென்று எண்ணியதில்லை. ஆனால் அது வாராதொழிந்தால், "நம்மை நினைப்பார் இல்லையே" என்று மனம் வருந்துவதுண்டு. உழைப்பைத் தானமாகக் கொடுத்தவருக்கு நன்றி செலுத்தும் முறை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இந்த ஒரு குடம் மோரே சான்றாகும்.

இதே வினா இன்று கணிப்பொறி உலகில் எழுந்துள்ளது. நெசவாளருக்கும் பயிர்த்தொழிலாளருக்கும் அதைப்பற்றி என்ன கவலை என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். கவலை உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

சேலை விற்பவர் சேலையை மட்டுமே தருவார். அதை நெய்வதற்குரிய சித்திரத் தாளையோ ஜக்கார்டு அட்டையையோ தரமாட்டார். விலைக்கு விற்கப்படும் மென்பொருளும் பெரும்பாலும் அவ்வாறே. திறந்த மூல மென்பொருள் என்பது சேலையோடு சித்திரத் தாளையும் சேர்த்துக் கொடுப்பது போன்றதாகும். வேண்டியவர் கரையை மாற்றிக் கொள்ளலாம், புட்டாவைக் கூட்டலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். 1983-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். நம்மிற் பலருடைய சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் அந்த லினக்ஸே. அதில் உழைப்போருள் பலர் இன்று நிறுவனங்களிடம் சம்பளம் பெறுகின்றனர் என்பது மெய்தான். ஆயினும், எண்ணற்ற சிறு மென்பொருள்களைத் தம் ஓய்வு நேரத்தில், ஊதியமின்றிக் காத்து வருவோர் உலகெங்கும் இருக்கின்றனர். லிபர் ஆபீஸ், பயர்பாக்ஸ் முதலியவற்றின் சொற்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்த தொண்டர்களும் இத்தகையோரே. நம் சங்க எழுத்தர் தமிழில் ஒரு கடிதம் அடிக்கும்போது, முகமறியாத பலருடைய உழைப்பு அவர் விரலடியில் இருக்கிறது.

இவர்களுக்கு எவ்வாறு நன்றி கூறுவது? பரிசு கொடுத்தால் தொண்டு மலிந்துவிடும் என்பர் சிலர். பரிசு காட்டினால்தான் ஆட்கள் வருவர் என்பர் வேறு சிலர். இருசாராரும் பாதி உண்மையையே கண்டிருக்கின்றனர் என்று நாம் கருதுகிறோம்.

டொனால்டு குனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் வழக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தம் நூல்களில் ஒரு பிழையை முதன்முதலில் கண்டு சொல்பவருக்கு அவர் 2 டாலர் 56 காசுக்குக் காசோலை எழுதி அனுப்பி வந்தார். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 256 என்பது நூறு என்று எழுதப்படும். ஆதலால் அதுவும் ஒரு டாலரே என்பது அவருடைய வேடிக்கை. பெற்றவரிற் பலர் அதை வங்கியில் மாற்றவில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். வங்கிக் கணக்கில் மோசடி நேர்ந்தமையால் 2008-ல் அவர் உண்மைக் காசோலையை நிறுத்தி, கற்பனையான ஒரு வங்கியின் பத்திரத்தை வழங்கலானார். காசு போயிற்று, மதிப்புப் போகவில்லை. ஏன்? பிழையை அவரே ஆராய்ந்து, தம் கையொப்பமிட்டு, உரியவரின் பெயருக்கு அனுப்பினார். அதுவே பரிசு, எண்கள் வெறும் அலங்காரம்.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. டிஜிட்டல் ஓஷன் என்னும் நிறுவனம் 2014-ல் ஹாக்டோபர்பெஸ்ட் என்ற ஆண்டு விழாவைத் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் இத்தனை திருத்தங்களைத் திறந்த மூலத் திட்டங்களுக்கு அனுப்புவோர்க்கு ஒரு டி-ஷர்ட் இலவசம் என்பது அதன் ஏற்பாடு. நோக்கம் நல்லதே, அதன் வழியாகத் தொண்டிற் புகுந்தோர் பலர். ஆனால் 2020-ல் சட்டைக்காகவே, பயனற்ற ஒரு சொல்லைச் சேர்த்தும் ஒரு புள்ளியை மாற்றியும் திருத்தங்கள் வெள்ளமாய் வந்து குவிந்தன. அவற்றைப் படித்துத் தள்ளும் வேலை, ஊதியமின்றி உழைக்கும் பராமரிப்பாளர் தலையிலேயே விழுந்தது. யாருக்கு நன்றி கூற வேண்டுமோ அவருக்கே அந்த விழா தண்டனையாயிற்று! இசைவு தெரிவிக்கும் திட்டங்களுக்கு வரும் திருத்தங்களே கணக்கில் சேரும் என்று அந்த மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது. 2023-ல் சட்டை வழங்குவதே நின்றது.

குற்றம் சட்டையினுடையதன்று. முன்கூட்டியே அறிவித்து, எண்ணிக்கையால் அளந்து கொடுத்ததே குற்றம். மார் உண்டையை எண்ணாமல் முழத்தை மட்டும் அளந்து கூலி கொடுத்தால் துணி எவ்வளவு நெருக்கமாக வரும் என்பது நம் நெசவாளருக்குத் தெரியாததன்று. 1973-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகச் சிறுவர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிற் சிலரிடம், "வரைந்தால் பரிசுப் பத்திரம்" என்று முன்னரே கூறினர். அக்குழந்தைகளுக்குப் பின்னர் அந்த ஆசை குன்றியது. சொல்லாமல் இறுதியில் பரிசளிக்கப்பெற்ற குழந்தைகளுக்கு அது குன்றவில்லை. வேலைக்கு முன் காட்டினால் தூண்டிற் புழு. வேலை முடிந்த பின் வந்தால் நன்றி.

வேறொரு நுட்பமும் உண்டு. 2013-ல் யாகூ நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகளைக் கண்டு சொன்ன ஆராய்ச்சியாளருக்கு, அந்நிறுவனத்தின் கடையிலேயே பொருள் வாங்கத்தக்க 12 டாலர் 50 காசுச் சீட்டுக் கிடைத்தது. உலகம் நகைத்தது. பின்னர் அந்நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் உண்மையை விளக்கினார். நன்றி கூற ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லாததால், முதலில் அவரே தம் சொந்தப் பணத்தில் சட்டை வாங்கி, கடிதமும் எழுதி அனுப்பி வந்தாராம். தனிமனிதர் அனுப்பியபோது அது அன்பு. பெரிய நிறுவனத்தின் பெயரில் சென்றபோது அதுவே அற்ப விலையாகத் தோன்றியது. கொடுப்பவர் யார், அவர் அடைந்த பயன் எவ்வளவு என்பதைக் கொண்டே பெறுபவர் பரிசை எடை போடுகிறார். வறியவர் கொடுக்கும் மோர் விருந்து. செல்வர் கொடுக்கும் மோர் சில வேளை அவமதிப்பு.

ஆகவே மிக முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரிசு சோற்றுக்கு ஈடாகாது. உலகின் இணையப் பரிமாற்றத்திற் பெரும்பகுதியைக் காத்து வந்த ஓபன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2014-ல் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. அதுவரை அத்திட்டத்திற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவரோ ஒருவர். அதனாற் கோடி கோடியாக ஈட்டிய நிறுவனங்கள் குறை தெரிந்த பின்னரே நிதி திரட்ட முன்வந்தன. 2024-ல் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளில் நேர்ந்ததும் பாடமே. தனியாய் உழைத்துக் களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, திருட்டு வாயில் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். தற்செயலாக அது கண்டுபிடிக்கப்பட்டது. காவலற்ற கரையில்தான் நண்டு வளை தோண்டும். களைத்தவருக்கு வேண்டியது சட்டையன்று. தோள் கொடுக்கும் ஆளும், வாழ்க்கைக்குப் போதிய பொருளும்.

அப்படியானால் நம் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? பெரிய நிறுவனங்களைப்போல் நம்மிடம் பணமில்லை. ஆனால் நம்மிடம் தறி இருக்கிறது. நம் அலுவலகத்திற் பயன்படும் மென்பொருள்களிற் கட்டற்றவை எவை என்று முதலில் காரியதரிசிகள் ஒரு பட்டியல் எழுதட்டும். அவற்றைத் தமிழாக்கியோர், குறை தீர்த்தோர், கேட்ட ஐயத்திற்குப் பொறுமையாக விடை தந்தோர் ஆகிய அனைவரையும் நினைக்கட்டும். நிரல் எழுதியவரை மட்டும் போற்றி, பிழை திருத்தியவரையும் விளக்கம் எழுதியவரையும் மறப்பது, தறியில் அமர்ந்தவரைப் போற்றி, பாவு புணைந்தவரையும் தார் சுற்றியவரையும் மறப்பது போலாகும்.

ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பின்றி, நம் சங்கத்தில் நெய்த ஒரு துண்டையோ போர்வையையோ இரண்டொருவருக்கு அனுப்பலாம். முகவரியை அவரிடமே இசைவு கேட்டுப் பெறவேண்டும். அயல்நாட்டவராயின் சுங்கவரி அவர் தலையில் விழாதபடி விசாரித்து அனுப்பவேண்டும். வரி கட்டிப் பெறும் பரிசு பரிசாகாது. எந்த வேலைக்காக, அதனால் நம் சங்கத்தில் யாருக்கு என்ன நன்மை என்று ஒரு கடிதம் உடன் செல்லட்டும். துண்டைவிட அக்கடிதமே நெடுநாள் நிற்கும். இதற்கு மேல், பேரவையின் ஒப்புதலுடன், துணைவிதி இடங்கொடுக்கும் அளவில், சிறு தொகையை அத்திட்டங்களின் நிதிக்கு ஆண்டுதோறும் அளிக்கலாம். தொகை சிறிதாயினும் தவறாமல் வருவது அவர்களுக்குப் பெரும் பலம்.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்தால் ஒருவராலும் தனியே ஆகாதது ஆகும் என்பதே அவர்கள் காட்டிய நெறி. கணிப்பொறி உலகில் அதே நெறியைக் கைக்கொண்டிருப்போர் நமக்கு அந்நியரல்லர், நம் இனத்தவரே. அவர்கள் வெட்டிய வாய்க்காலில் நம் வயலுக்கும் நீர் பாய்கிறது. மோர்க் குடத்தைச் சுமந்து செல்லும் முறை இப்போது நம்முடையது. வரும் பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.