உங்கள் கடவுச்சொல் வெளியே போய்விட்டதா?



ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியும் கையுமாக என்னிடம் வந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் குடியேறி, 2009இல் எல்லாவற்றையும் இழந்து மாத்தளைக்கே திரும்பிய குடும்பம். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "உன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். உன் கமெரா வழியாக உன்னைப் படம் பிடித்துள்ளேன். பணம் அனுப்பு" என்பது அதன் சாரம். கடவுச்சொல்லும் அதில் அப்படியே இருந்தது. அது காணாமற்போன மகனின் பெயரும் பிறந்த ஆண்டும்.

"அவன்ட பேர் இவங்களுக்கு எப்படித் தெரியும், பிள்ளை? அவனைப் பிடிச்சு வச்சிருக்கிறவங்களோ?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, மகனை அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுதான். 2018இலிருந்து இதே மாதிரிக் கடிதம் உலகெங்கும் ஏராளமானோருக்குப் போயிருக்கிறது. கமெராக் கதை பொய். கடவுச்சொல் மட்டும் மெய். நாம் எப்போதோ கணக்குத் திறந்த ஏதோவொரு தளத்திலிருந்து அது திருடப்பட்டிருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் 2012இல் திருடியவை 2016இல் விற்பனைக்கு வந்தபோது 164 மில்லியன் கணக்குகள் அதில் இருந்தன. திருடர்கள் அந்தப் பட்டியல்களைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எழுதுகிறார்கள்.

உங்களுடையதும் போயிருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. அவுஸ்திரேலியரான ட்ரோய் ஹண்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்' தளத்தில் மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால், எந்தெந்தத் தளங்களிலிருந்து உங்கள் விபரம் கசிந்தது என்று சொல்லும். அங்கே கடவுச்சொல்லைக் கேட்பதில்லை.

கடவுச்சொல்லைச் சோதிக்க அதே தளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. முகாமில் பெயர்ப்பட்டியல் பார்த்த எமக்கு இது எளிதில் விளங்கும். யாரைத் தேடுகிறோம் என்று அதிகாரியிடம் சொல்லப் பயம். "'செ'வில் தொடங்கும் பெயர்களைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்டு, பட்டியலை வாங்கி நாமே தேடினால் யாரைத் தேடினோம் என்று அவருக்குத் தெரியாது. அப்படித்தான் இதுவும். உங்கள் கடவுச்சொல் உங்கள் தொலைபேசியிலேயே 40 எழுத்துக் குறியீடாக மாறுகிறது. அதில் முதல் 5 எழுத்து மட்டும் தளத்துக்குப் போகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான குறியீடுகள் திரும்பி வரும். ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் தொலைபேசிதான்.

ஆனால் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் இதைச் செய்யாதீர்கள். தட்டுவதையெல்லாம் அந்தக் கணினியே பதிந்து வைக்கக்கூடும். "கசிந்ததா என்று பார்த்துத் தருகிறோம்" என வட்ஸ்அப்பில் வரும் இணைப்பையும் தொடவேண்டாம். அதுவே கண்ணி. கூகுளில் கடவுச்சொற்களைச் சேமிப்பவர்களுக்கு அதன் பாஸ்வேர்ட் மனேஜரிலேயே சரிபார்க்கும் வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால், சந்தேகம் வந்தாலே சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுவது நல்லது. பட்டியலில் இல்லை என்றால், இதுவரை தெரிந்த திருட்டுகளில் இல்லை என்பதுதான் பொருள்.

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் வருகிறது. அந்த அம்மாவின் மின்னஞ்சலில் மகனைத் தேடிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் அவனுடைய ஒரேயொரு படமும் இருந்தன. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்துப் புதிதாக வைத்தோம். இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டோம். முகநூலுக்கு வேறொன்று. இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். வீட்டிலுள்ளவர்களுக்கே பயப்படவேண்டிய சகோதரிகள் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

அந்த மின்னஞ்சலுக்குப் பதிலும் போடவில்லை, பணமும் அனுப்பவில்லை. அப்படி மிரட்டல் வந்தால் இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.