எந்திரம் வாங்கினால் தீருமா?

"புற்றுநோயில் ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க ஆராய்ச்சி எதற்கு, பயிற்சி எதற்கு? அந்தப் பணத்தில் கதிர்வீச்சு எந்திரம் வாங்குங்கள்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நோய் முற்றியபின் வருகிறவரை எந்திரம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிச் சற்றுப் பொறுத்தால், மாறுதல் உள்ள இடம் வெளுக்கும். முடிவு அப்போதே தெரியும். அதற்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதில்லை. தகுந்தவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே செய்தார்கள். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு: பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு.

எந்த வெளுப்பு ஆபத்து, எது வெறும் அழற்சி என்று பிரித்தறியும் கண் கடையில் கிடைக்காது. ஊர்களை இரண்டாகப் பிரித்து, வருடக்கணக்கில் பதிவேடு வைத்து ஒப்பிட்டிராவிட்டால் அந்த 35-ஐ யார் நம்பியிருப்பார்கள்?

அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் வரவில்லை. கூச்சமா, கூலியா, வீட்டார் தடையா? அதைக் கண்டறியவும் ஆராய்ச்சிக்குத்தான் பணம் வேண்டும்.

எந்திரம் தாராளமாக வாங்குங்கள். செவிலியர் பயிற்சிக்கான பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.